ஹீல்ஸ் பிடித்த கணவரும் பரண் மேல் இருந்த பூட்ஸும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பரண் மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியிருக்கிறது. உள்ளே முழங்கால் வரை வரும் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி. பக்கவாட்டில் ஜிப், நாலு அங்குல ஹீல், சைஸ் 43. கேட்டவருடைய கால் 38. அந்த வீட்டில் 43 போடுகிற ஒரே ஆள் அவருடைய கணவர். கல்யாணமாகி ஒன்பது வருடம், ஒரு குழந்தை, நல்ல மனிதர், குடியில்லை. "இது நோயா? ஆம்பளைங்க இப்படி விரும்புவாங்களா? நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நான் மனநல மருத்துவர் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் இருபத்து மூன்று வருடமாக பேட்டர்ன் வெட்டுகிறவன். ஆண்கள் ஷூ, பெண்கள் ஷூ, பூட்ஸ் எல்லாமே என் கை வழியாகப் போயிருக்கின்றன. அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது செருப்புப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. சோலில் துளி அழுக்கில்லை என்கிறீர்கள். ஆனால் விரல் மடங்குகிற இடத்தில் தோலில் ஆழமாக மடிப்பு விழுந்திருக்கிறது, சுண்டுவிரல் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது, பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டர் பாக்கெட்டும் இருந்தது என்கிறீர்கள். இதை வைத்து ஒரு செருப்புக்காரன் என்ன சொல்வான் என்றால், அவர் இதைப் பல நாள் போட்டு நடந்திருக்கிறார், ஒரு தடவைகூட வாசல்படி தாண்டவில்லை, போட்ட ஒவ்வொரு தடவையும் கால் வலித்திருக்கிறது. நீங்களும் குழந்தையும் ஊருக்குப் போன நாட்களில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்திருப்பார். அவ்வளவுதான் அந்த பூட்ஸின் உலகம். அதைப் படித்தபோது எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, ஆண்கள் இப்படி விரும்புவார்களா என்றால், ஹீல் என்ற சமாச்சாரமே ஆண்களுக்காக வந்தது. குதிரைச் சவாரிக்காக. பாரசீகத்துக் குதிரை வீரன் ஓடுகிற குதிரை மேல் எழுந்து நின்றுகொண்டு அம்பு விடுவான். அந்த நேரத்தில் அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்திலிருந்து தொங்குகிற, கால் வைக்கும் வளையத்திலிருந்து, கால் நழுவக்கூடாது. குதிகாலுக்கு அடியில் ஒரு கட்டை இருந்தால் அது அங்கவடியில் போய்க் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். 1599-ல் பாரசீகத்து ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசர்களிடம் கூட்டுச் சேர ஒரு தூதுக்குழுவை அனுப்பினார், பாரசீகச் சாமான்கள் மேல் ஐரோப்பாவுக்கு ஒரு மோகம் வந்தது, அந்தக் காலகட்டத்தில் அங்கே இருந்த பிரபுக்களும் ஹீல் வைத்த ஷூ போட ஆரம்பித்தார்கள். குதிரையே ஏறாதவனும் போட்டான். சேற்றில் இறங்கி வேலை செய்கிறவன் போட முடியாது இல்லையா, அதனால் அது போட்டிருப்பவன் வேலை செய்யத் தேவையில்லாதவன் என்று ஊருக்குச் சொல்கிற அடையாளமாகிவிட்டது. பெண்கள் அப்புறம்தான் வந்தார்கள், அதுவும் ஆண்கள் போடுவதைப் பார்த்து.

பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் படம் ஒன்று உண்டு, 1701-ல் இயசிந்த் ரிகோ வரைந்தது, பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுபது தாண்டிய மனிதர், நீல அங்கியை ஒதுக்கிக்கொண்டு, வெள்ளைக் காலுறையில் கால் முழுக்கத் தெரிகிற மாதிரி நிற்கிறார். கீழே வெள்ளை ஷூ, சிவப்பு ஹீல். அந்தச் சிவப்பு ஹீல் அரசவை ஆட்களின் அடையாளம். படத்தைத் தேடிப் பாருங்கள், இந்த விஷயத்தில் நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது அதிகம் சொல்லும். ஒரு தேசத்தையே ஆண்டவர் தன் கம்பீரத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் காட்டியது தன் காலையும் ஹீலையும்.

1740 வாக்கில் ஐரோப்பிய ஆண்கள் ஹீலை விட்டுவிட்டார்கள். ஆண் என்றால் அறிவு, காரியம், பளபளப்பில்லாத உடை. பெண் என்றால் அலங்காரம் என்று ஒரு பிரிவினை அந்த நூற்றாண்டில் வந்தது. பட்டு, ஜரிகை, நீள முடி, ஹீல் எல்லாம் ஆண்களிடமிருந்து ஒன்றாகப் போயின. ஆனால் முழுசாகப் போகவில்லை. அமெரிக்க மாடு மேய்ப்பவனின் கௌபாய் பூட்ஸில் ஹீல் நின்றது, காரணம் மறுபடியும் அதே அங்கவடி. ஸ்பெயினில் ஃபிளமெங்கோ ஆடுகிறவனின் பூட்ஸில் நின்றது, அங்கே தரையைத் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். 1961-ல் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுப் பையன்கள் லண்டனில் அனெல்லோ அண்ட் டேவிடே கடையில் கியூபன் ஹீல் என்கிற கட்டை ஹீல் வைத்த பூட்ஸ் செய்து வாங்கினார்கள், உலகம் பூரா இளைஞர்கள் அதையே கேட்டார்கள். 70-களில் டேவிட் போவி, எல்டன் ஜான் என்று பாடகர்கள் போட்டார்கள். அப்புறம் பாடகர் பிரின்ஸ், குள்ளமான மனிதர், பெரும்பாலும் ஹீல் போட்டே மேடையில் ஆடினார்.

நம் ஊரிலும் அந்த அலை வந்துபோனது. என் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் 1979-ல் எடுத்தது. அப்பா பெல்பாட்டம் போட்டிருக்கிறார், அது தரையைத் தொடுகிற இடத்தில் கட்டைச் சோலும் இரண்டங்குல ஹீலும் எட்டிப் பார்க்கின்றன. அந்த ஷூவை அவர் 'ஹை ஹீல்ஸ்' என்றேதான் சொல்வார், சொல்லும்போது முகம் மலரும். நடவு வேலை செய்த மனிதர். அன்றைக்கு யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஆகவே ஆணுக்கு ஹீல் பொருந்துமா இல்லையா என்பது காலைப் பொறுத்தது இல்லை, தெருவில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொன்றும் சொல்லணும். உயரம் கூட்டிக் காட்டுகிற ஷூ என்று ஆண்களுக்கு விற்கிறார்களே, அதை வெட்டிப் பார்த்தால் வெளியே இரண்டரை, மூன்று செ.மீ. ஹீல் தெரியும், உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று நாலு செ.மீ. ஆப்பு ஒளிந்திருக்கும். மொத்தம் ஆறு ஏழு செ.மீ. ஆகிறது. ஒரு பெண் ஆபீசுக்குப் போட்டுப் போகிற ஹீலுக்கு இது குறைவில்லை. மாப்பிள்ளைகள் ரிசப்ஷனில் போடுகிறார்கள், ஒருவரும் நோயா என்று கேட்பதில்லை. ஹீல் போடுவது பிரச்சினையாக இல்லை, போடுவது பிடித்திருக்கிறது என்று வெளியே தெரிவதுதான் பிரச்சினையாக இருக்கிறது.

ஏன் பிடிக்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். ஒரே பதில் கிடையாது. ஆனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது, ஆண்களுக்கான கணுக்கால் பூட்ஸ், ஹீல் எட்டரை செ.மீ. போட்டுப் பார்க்கிற ஃபிட் டிரையலுக்கு 42 சைஸ் கால் வேண்டும், என் கால் 42. மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு சிமென்ட் தரையில் நடந்தேன். முதல் பத்து நிமிஷம் கணுக்கால் நடுங்கியது. அப்புறம் உடம்பு தானாக ஒழுங்காகிறது: நெஞ்சு நிமிர்கிறது, ஆடுசதை இறுகுகிறது, அடி எடுத்து வைக்கிற தூரம் குறைகிறது, ஒவ்வொரு அடிக்கும் டக் டக் என்று சத்தம் வருகிறது, பூட்ஸின் தோல் கணுக்காலைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது யாரோ கையால் தாங்குகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. முதல் நாள், தோலை அச்சின் மேல் இழுத்து மாட்டுகிற லாஸ்டிங் பிரிவுப் பையன்கள் விசிலடித்தார்கள். மூன்றாம் நாள் அதே பையன்கள் குனிந்து பார்த்து, "மாஸ்டர், ஹீல் கொஞ்சம் பின்னால போயிருக்கு, ரெண்டு மில்லி முன்னாடி தள்ளணும்" என்றார்கள். சொன்னது சரியும்கூட.

சிலருக்கு அந்த நிமிர்வும் உயரமும் பிடிக்கிறது. சிலருக்கு தோலின் மணமும் இறுக்கமும். நடனக்காரர்கள் இருக்கிறார்கள், பிரான்சைச் சேர்ந்த யானிஸ் மார்ஷல் ஹீல்ஸிலேயே ஆடி, அதையே சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர், உக்ரைனில் கசாகி என்றொரு ஆண்கள் குழு ஊசி ஹீலில் ஆடியது. சிலருக்கு அதில் பாலியல் கிளர்ச்சியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. சிலருக்குப் பெண் உடை முழுவதுமே பிடிக்கும். இன்னும் சிலர் மனதளவில் பெண்ணாகவே தங்களை உணர்கிறவர்கள், அவர்கள் திருநங்கைகள், அது வேறு விஷயம், செருப்பு விருப்பத்தோடு அதைப் போட்டுக் குழப்பக்கூடாது. உங்கள் கணவர் இதில் எங்கே இருக்கிறார் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. அவர் சொன்னால்தான் உண்டு. ஆனால் ஒன்று, மனைவியை நேசிக்கிற, பெண்களிடம் மட்டுமே ஈர்ப்புள்ள ஆண்களும் ஹீல்ஸ் விரும்புகிறார்கள். இதற்கும் அவர் உங்கள் மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கும் முடிச்சுப் போட வேண்டிய அவசியமே இல்லை.

நோயா என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில் ஒரு பொருளின் மேல் பாலியல் ஈர்ப்பு கொள்வது, எதிர்பாலர் உடையில் கிளர்ச்சி அடைவது என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-11 பட்டியலில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடும், அந்த விருப்பம் அந்த ஆளுக்கே பெரிய வேதனையோ வாழ்க்கைக்கு இடைஞ்சலோ தந்தால் மட்டும்தான் கோளாறு என்கிறது. விருப்பம் இருப்பது மட்டும் போதாது. ஆகவே 'குணப்படுத்துகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அவரே குற்ற உணர்ச்சியில் தூக்கம் கெட்டுக் கிடந்தாலோ, வீட்டுச் செலவுக்கான பணம் இதில் போனாலோ, ஒரு நல்ல உளவியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அப்போதும் சரிசெய்ய வேண்டியது அந்த வேதனையை.

இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன், கால். அவர் காலுக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது. அது ஹீலால் மட்டும் வருவது இல்லை, ஒளித்து வாங்கியதால் வருவது.

செருப்பு எதுவானாலும் லாஸ்ட் என்ற கால் அச்சின் மேல்தான் உருவாகும். பெண்கள் ஹீல்ஸுக்கு ஐரோப்பியக் கம்பெனிகள் வழக்கமாக 37 சைஸில் அச்சு செய்து, அதிலிருந்து மற்ற சைஸ்களைக் கணக்குப் போட்டு ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ஒரு சைஸுக்கு 6.67 மி.மீ. நீளம் கூடும். 43 வரை ஏற்றினால் நீளம் நாலு செ.மீ. கூடிவிடும், அவர் கால் உள்ளே போகும். ஆனால் அகலம்? அது இன்னும் ஒரு பெண்ணின் ஒடுக்கமான காலை மனதில் வைத்துச் செய்த அகலம்தான். ஆணின் முன்பாதம் அகலம், மேல்பாதம் தடிமன். சுண்டுவிரல் பக்கம் தோல் புடைத்தது அதனால்தான். உள்ளே சோலுக்கு நடுவில் ஷாங்க் என்று ஒரு இரும்புத் தகடு இருக்கும், பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். அதையும் ஹீலுக்குள் இருக்கும் கம்பியையும் ஐம்பத்தைந்து அறுபது கிலோ ஆளை நினைத்துப் போட்டிருந்தால் எண்பது கிலோ ஆள் ஏறும்போது வளையும், ஒரு நாள் ஹீல் சாயும், கணுக்கால் பிசகும்.

இந்தப் பிரச்சினைக்கு ஒரு கம்பெனியே பதில் தேடியது. இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயர் ஷூவுக்குப் பேர்போன மாவட்டம், அங்கே ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊரில் டபிள்யூ. ஜே. புரூக்ஸ் என்று ஒரு குடும்பக் கம்பெனி இருந்தது. ஆண்களுக்கான கெட்டியான தோல் ஷூதான் அவர்கள் தொழில். 1990-களில் ஆர்டர் குறைந்து மூடுகிற நிலை. அப்போது ஒரு கடையிலிருந்து போன் வந்தது, ஆண்கள் கால் அளவில் பெண்கள் ஷூ செய்து தருவீர்களா என்று. முதலாளி ஸ்டீவ் பேட்மேன் முடியாது என்று சொல்லவில்லை. 'டிவைன்' என்ற பெயரில் தொடை வரை வரும் பூட்ஸ் உட்பட ஆண்களுக்காகவே செய்தார், கேட்டலாக் படத்துக்குத் தானே காலை மழித்துக்கொண்டு போட்டு நின்றார். பின்னால் இந்தக் கதை சினிமாவாகவும் மேடை நாடகமாகவும் போய்ப் பேர் வாங்கியது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த போன் அழைப்புதான். கேட்க ஆளிருக்கிறது என்று ஒருத்தர் வாய்திறந்து சொன்னதால்தான் அந்தக் காலுக்கு ஒரு அச்சு கிடைத்தது.

நாலு அங்குலம் என்பது பத்து செ.மீ. உயரம் கூடக் கூட உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு வருகிறது. கால் ஆணி, கொப்புளம், பெருவிரல் மூட்டு வெளியே தள்ளுவது எல்லாம் அதன் பின்னால் வரும். வருடக்கணக்கில் தினமும் ஹீல் போட்ட பெண்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது. அவர்களுடைய ஆடுசதையின் இழைகள் குட்டையாகி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் தடித்து விறைத்திருந்தது. அதனால்தான் அவர்கள் செருப்பைக் கழற்றி வெறுங்காலில் நடந்தால் பின்னங்கால் இழுக்கிறது. எப்போதாவது போடுகிறவருக்கு அவ்வளவு ஆகாது, ஆனால் போட்டுக் கழற்றியதும் சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி ஆடுசதையை இழுத்துவிடச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப் போகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது, புண் வந்தாலும் தெரியாது.

ஏழு எட்டு செ.மீ. போதும் அவருக்கு. இதில் பெரிய காலுக்கு ஒரு லாபம் இருக்கிறது, 37 சைஸ் காலில் 7 செ.மீ. ஹீல் தருகிற சரிவு 43 காலில் 8 செ.மீ. வைத்தால்தான் வரும். ஊசி ஹீல் வேண்டாம், அகலமான கட்டை ஹீல். பூட்ஸே நல்லது, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். ஜிப்பைவிட லேஸ் நல்லது, மேல்பாதத்தில் இறுக்கிக் கட்டினால் கால் முன்னால் சறுக்காது. எது வாங்கினாலும் சமமான மேசை மேல் வைத்து, உள்ளே குதிகால் உட்காரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முன்பக்கம் தூக்கினாலோ, ஹீல் பக்கவாட்டில் ஆடினாலோ, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். குழந்தை தூங்கினதும், "பரண்ல இருந்த பூட்ஸைப் பாத்தேன். கோவமில்ல. ஆனா ஒம்பது வருஷமா சொல்லலையேன்னு இருக்கு" என்று உங்களுக்கு வலித்த இடத்தைச் சொல்லுங்கள். மறைத்ததில் உங்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம், அதை விழுங்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது சரிப்படும், எது சரிப்படாது, குழந்தை முன்னால் எப்படி, மாமியார் வீட்டில் எப்படி, எல்லாவற்றையும் நீங்கள் கேட்கலாம், அவர் நேராகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஒரே ராத்திரியில் முடியாது. முதல் நாள் அவர் வாயே திறக்காமல் போகலாம், ஆச்சரியப்படாதீர்கள்.

பேச்சு நல்லபடியாகப் போனால் அந்தப் பழைய ஜோடியை அவர் இனிப் போட வேண்டாம். சென்னையில் பெரியமேட்டுப் பக்கம் தோலும் ஷூ சாமான்களும் விற்கிற தெருக்களில் விசாரித்தால் அளவெடுத்துச் செய்கிறவர்களைச் சொல்வார்கள். சாதாரண ஆண்கள் லாஸ்ட்டில் இந்த ஹீல் சரிவு வராது. பெண்கள் ஹீல் லாஸ்ட்டை எடுத்து, அகலம் வேண்டிய இடத்தில் தோல் துண்டுகளை ஒட்டிச் சீவி அவர் காலின் உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தெரிந்தவர் என்றால் இதைச் சொன்னதுமே தலையாட்டுவார், முழிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அளவை நீங்களே எடுக்கலாம். சாயங்காலம் எடுங்கள், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. தரையில் இரண்டு வெள்ளைத்தாளைப் போட்டு, இரண்டு காலிலும் பாரம் சமமாக வரும்படி அவரை நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே உட்கார்ந்து பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, குதிகாலில் ஆரம்பித்துச் சுற்றிக் கோடு போடுங்கள். அப்புறம் துணி தைக்கிற டேப்பால் விரல் மடங்குகிற இடத்தின் சுற்றளவு, மேல்பாதத்தின் சுற்றளவு, கணுக்காலுக்கு மேலே, ஆடுசதையின் பருத்த இடம், இந்த நாலும் இரண்டு காலுக்கும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒரு கால் கொஞ்சம் பெரிசாக இருக்கும். சுண்டுவிரல் பக்கம் வரும்போது மெதுவாகப் போங்கள், அங்கே இன்னும் புண் ஆறாமல் இருக்கலாம்.